வேதபாடம்: யார் கையிலிருந்து வாங்குகிறோம்?

வாசிக்க வேண்டிய பகுதிகள்: யோவான் 4:4-42, கலாத்தியர் 2:11-16, ரோமர் 15:25-33

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஆதரவாளர்களே,

 

இந்த இதழில் நாம் தியானிக்கப்போகும் பொருள், சுவிசேஷம் பலதரப்பட்ட மக்களை ஒரே சபையாக எப்படி இணைக்கிறது என்பதாகும். இதைப் பற்றிப் பல பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம். கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்ற கலாத்தியர் 3:28 நம்மில் பலருக்கு மனப்பாடம். ஆனால் அந்த ஒற்றுமை ஒரு சபையில் உண்மையாகவே இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே கூரையின் கீழ் உட்காருவது போதுமா? ஒரே பாட்டைப் பாடுவது போதுமா?

வேதம் நமக்கு இன்னொரு சோதனையைக் காட்டுகிறது. நாம் யார் கையிலிருந்து வாங்குகிறோம் என்பதே அது.

கொடுப்பதை வைத்து ஒற்றுமையை அளக்க முடியாது. மேலே இருக்கிறவர் கீழே இருக்கிறவருக்குக் கொடுப்பது உலகமெங்கும் உள்ள வழக்கம். நம் தஞ்சைத் தரணியில் பண்ணை வீடுகளில் பொங்கலுக்குக் கூலியாட்களுக்கு வேட்டியும் சேலையும் நெல்லும் கொடுத்தார்கள். ஆனால் அந்தக் கூலியாளின் குடிசையில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்த பண்ணையார் எத்தனை பேர்?

இந்தப் பாபநாசம் வட்டாரத்து வயல்களையே நினைத்துப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக நாற்றுப் பறித்ததும், நட்டதும், களை எடுத்ததும், அறுத்துக் கட்டிக் களத்தில் அடித்ததும் யாருடைய கைகள்? அந்தக் கைகள் தந்த நெல்லுக்குத் தீட்டு இல்லை. அதே கைகள் தந்த தண்ணீருக்கு மட்டும் தீட்டு வந்துவிட்டது. 1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த நமது அரசியல் சட்டம், தன் 17-ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்தது. அதற்குப் பிறகும் பல கிராமத்துத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. தீட்டு என்பது பெரும்பாலும் வாங்குகிற இடத்தில்தான் தலைகாட்டுகிறது.

1. தண்ணீர் கேட்ட ஆண்டவர்

யோவான் 4-ஆம் அதிகாரத்தில், பிரயாணத்தினால் களைப்படைந்த இயேசு யாக்கோபின் கிணற்றருகே உட்காருகிறார். சீஷர்கள் போஜனம் வாங்க ஊருக்குள் போயிருக்கிறார்கள். தண்ணீர் மொள்ள ஒரு சமாரிய ஸ்திரீ வருகிறாள். ஜீவத்தண்ணீரைக் கொடுக்க வல்லவர் அவளிடம் முதலாவது என்ன பேசினார்? தமக்குக் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

அவள் திகைத்துப்போனாள். யூதர்கள் சமாரியரோடு கலந்து பழகுவதில்லை. அவளுடைய பாத்திரத்திலிருந்து ஒரு யூதர் குடிப்பது அவள் கேள்விப்படாத காரியம். இயேசு அங்கே சமத்துவத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. தமக்குத் தாகம் என்று சொல்லி, அவளிடம் கேட்கிறவராக உட்கார்ந்தார். அவர் கொடுக்கிறவராக மட்டும் வந்திருந்தால், அவள் பெற்றுக்கொள்ளுகிறவளாகவே இருந்திருப்பாள். அவர் கேட்டதினால் அவள் கொடுக்கக்கூடியவளானாள். அந்த உரையாடல் முடியும்போது அவள் குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் ஓடி, தன் ஜனங்களுக்குச் செய்தி கொண்டுபோகிறாள். 40-ஆம் வசனத்தைக் கவனியுங்கள்: ஆண்டவர் அந்தச் சமாரியரோடு இரண்டு நாள் தங்கினார். தங்கினார் என்றால் அவர்கள் வீட்டில் உண்டார், உறங்கினார் என்றே பொருள்.

2. அந்தியோகியாவில் பிரிந்த பந்தி

பேதுரு அந்தியோகியாவில் புறஜாதி விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டு வந்தார். எருசலேமில் யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்தவுடனே பயந்து விலகினார். அவரைப் பார்த்து மற்ற யூத விசுவாசிகளும் விலகினார்கள், பர்னபாவும் இழுப்புண்டுபோனார். அங்கே யாரும் கிறிஸ்துவை மறுதலிக்கவில்லை. வேதத்தைப் புரட்டவில்லை. சாப்பாட்டுக்கு உட்காரும் இடத்தை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆனால் பவுல் அதைச் சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு விரோதமான நடை என்று கண்டு, எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவைக் கடிந்துகொண்டார்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளினாலே அல்ல, இயேசு கிறிஸ்துவைப் பற்றும் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான் என்ற பெரிய உபதேசம் இந்த நிருபத்தில் முதலாவது எங்கே வருகிறது? 16-ஆம் வசனத்தில், இந்தப் பந்தித் தகராற்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வருகிறது. நாம் ஞாயிறுதோறும் அறிக்கையிடும் விசுவாசத்தின் மூலக்கல்லைப் பவுல் ஒரு சாப்பாட்டு மேசையின் பக்கத்தில் நின்று எடுத்துக்காட்டினார். நாம் எல்லாரும் கிருபையினாலே மட்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களானால், ஒருவர் மற்றொருவருடைய பந்தியை விட்டு எழுந்துபோக என்ன நியாயம் இருக்கிறது?

3. பவுல் சுமந்துபோன காணிக்கை

ரோமர் 15-ஆம் அதிகாரம் காணிக்கை கொடுக்கிற நமக்கு மிகவும் நெருக்கமான பகுதி. மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் உள்ள புறஜாதிச் சபைகள் எருசலேமிலுள்ள ஏழைப் பரிசுத்தவான்களுக்காகப் பணம் சேர்த்தன. பவுல் தாமே அதைக் கொண்டுபோகிறார். போகிறவர் ரோமாபுரியாரிடம் ஒரு ஜெபவிண்ணப்பம் வைக்கிறார். 31-ஆம் வசனத்தில் அவர் கேட்கிற இரண்டு காரியங்களில் ஒன்று, இந்தத் தருமசகாயம் எருசலேமிலுள்ளவர்களால் அங்கீகரிக்கப்பட வேண்டும் என்பது.

பசியாயிருக்கிறவர்கள் பணத்தை வாங்க மாட்டார்களோ என்று ஏன் பயப்பட வேண்டும்? அது புறஜாதியார் கைப் பணம் என்பதே காரணம். ஆவிக்குரிய நன்மைகளை எருசலேம் சபை கொடுத்தது, புறஜாதியார் பெற்றார்கள். இப்பொழுது எருசலேம் பெற வேண்டும். புறஜாதியார் கொடுக்க வேண்டும். கொடுத்துப் பழகினவர்களுக்கு வாங்குவது கடினம் என்று பவுல் அறிந்திருந்தார். இரண்டு கைகளும் கொடுக்கவும் வாங்கவும் கற்றுக்கொண்டால்தான் சபை ஒன்றாகும் என்றும் அறிந்திருந்தார்.

4. தஞ்சை நாட்டுச் சபையின் கதை

இந்தக் கேள்வி நம் மண்ணிலும் கேட்கப்பட்டது. 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி சீகன்பால்கு ஐயரும் புளூட்சோ ஐயரும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். 1707 மே மாதம் அவர்கள் கொடுத்த முதல் ஞானஸ்நானத்தைப் பெற்ற ஐந்து பேரும் அடிமைகள். இவ்விதமாக நம் நாட்டுச் சுவிசேஷத் திருச்சபையின் முதல் ஏட்டில் எழுதப்பட்டவர்கள் சமுதாயத்தின் கடைசி வரிசையில் நின்றவர்களே.

1733-இல் ஆரோன் ஐயர் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் லுத்தரன் குரு என்ற பெருமை அவருக்கு உரியது. அவர் வேளாளர் குலத்தவர். அதே காலத்தில் தஞ்சை நாட்டில் இராஜநாயக்கன் என்ற உபதேசியார் ஊழியம் செய்துவந்தார். அவர் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். தஞ்சை மன்னரின் படையில் சேவகம் செய்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேதபாகத்தை வாசித்து உள்ளம் கொழுந்துவிட்டு எரிந்தவர். ஐரோப்பிய மிஷனெரிமார் தஞ்சை நாட்டுக்குள் தாராளமாக நுழைய முடியாத காலத்தில், அங்கே சுவிசேஷத்தைச் சுமந்து திரிந்த கால்கள் அவருடையவை.

மற்றொருவருக்குக் குருப்பட்டம் கொடுக்கும் காலம் வந்தபோது இராஜநாயக்கன் பெயரும் பேசப்பட்டது. அவருடைய பக்தியில் குறை காணப்படவில்லை. ஆனால் உயர்ந்த சாதியார் என்று எண்ணப்பட்ட கிறிஸ்தவர்கள் அவர் கையிலிருந்து திருவிருந்து வாங்கத் தயங்குவார்கள், திருவிருந்தின் மதிப்பே அவர்களிடத்தில் குறைந்துபோகும் என்று மிஷனெரிமார் அஞ்சினார்கள். 1741-இல் தியோகு என்பவருக்குக் குருப்பட்டம் கொடுக்கப்பட்டது. இராஜநாயக்கன் 1771-இல் தம் ஓட்டத்தை முடிக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

அன்பானவர்களே, இதைச் சற்று நிதானித்துப் பாருங்கள். அவருடைய வாயிலிருந்து வசனத்தைக் கேட்க ஆட்சேபணை இல்லை. அவர் நடந்து சேர்த்த ஆத்துமாக்களைச் சபைக் கணக்கில் சேர்க்க ஆட்சேபணை இல்லை. அப்பத்தையும் பாத்திரத்தையும் அவர் கையிலிருந்து வாங்குவதுதான் இயலாமற்போனது. தீட்டுப்பட்டவர்களைத் தொட்டுச் சுகமாக்கின ஆண்டவருடைய பந்திக்கே தீட்டு வந்துவிட்டது.

தரங்கம்பாடியிலும் தஞ்சாவூரிலும் ஆலயத்துக்குள்ளேயே சாதிவாரியாக இடம் பிரித்து உட்காரும் வழக்கம் நீண்டகாலம் நிலைத்தது. 1833-ஆம் ஆண்டில் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமைக்கு இனி இடமில்லை என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் ஏராளமானோர் ஆலயத்தை விட்டு விலகினார்கள். விலகினவர்களின் வாதத்தையும் நாம் கேட்க வேண்டும். சாதி என்பது நாட்டின் சமுதாய ஒழுங்கு; மதக் காரியமல்ல; ஐரோப்பியரிடமும் உயர்குடி, தாழ்குடி என்ற அந்தஸ்து வேற்றுமை இருக்கிறதே என்றார்கள். ஐரோப்பியரைக் குறித்து அவர்கள் சொன்னது மெய்தான். வெள்ளைக்காரரின் சபைகளிலும் செல்வந்தருக்கு முன் இருக்கை இருந்தது. யாக்கோபு 2-ஆம் அதிகாரம் அவர்களையும் கடிந்துகொள்ளுகிறது. ஆனால் இருவரும் தவறினார்கள் என்பதனால் தவறு ஒழுங்காகிவிடாது. கர்த்தருடைய பந்தியில் ஒரு சகோதரனுடைய கையை மறுக்கச் செய்கிற எந்த ஒழுங்கையும் வெறும் சமுதாய ஒழுங்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

5. நண்பர்களைக் கேட்டவர்

1910-ஆம் ஆண்டு எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. அதில் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா பேசினார். மிஷனெரிமாரின் தியாகங்களை இந்தியச் சபை நன்றியோடு நினைக்கும் என்று அவர் ஒப்புக்கொண்டார். பொருளையும் உயிரையும்கூடக் கொடுத்தார்கள் என்றார். ஆனாலும் இன்னும் ஒன்று வேண்டும் என்று, நட்பைக் கேட்டார். தருமம் செய்கிறவர்களை அவர் கேட்கவில்லை, நண்பர்களைக் கேட்டார். நண்பர்களுக்குள்தான் கொடுப்பதும் வாங்குவதும் இரு பக்கமும் நடக்கும். 1912-இல் அசரியா தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சர் அவரே. தெலுங்கு நாட்டில் ஒடுக்கப்பட்ட மக்களின் நடுவிலே அவருடைய ஊழியம் நடந்தது.

1919 மே மாதம் அசரியா முதலானோர் தரங்கம்பாடியில் கூடிச் சபை ஐக்கியத்திற்காக அறிக்கை வெளியிட்டார்கள். அதன் பின் 28 ஆண்டுகள் பேச்சுவார்த்தை நடந்தது. அந்தப் பேச்சின் பெரிய முடிச்சு என்ன? மறுபடியும் கைதான்! அத்தியட்சரின் கரத்தால் அபிஷேகம் பெறாத ஒரு போதகரின் கையிலிருந்து திருவிருந்தை ஏற்றுக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். முடிவில் 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்றின் போதகர்களும் மறு அபிஷேகமின்றியே அதன் போதகர்களாக ஏற்கப்பட்டார்கள். ஒருவர் கையை ஒருவர் ஏற்றதால் அந்த ஐக்கியம் பிறந்தது.

ஆனாலும் சபைப் பிரிவுகளின் சுவரைத் தாண்டின நாம் சாதிச் சுவரைத் தாண்டினோமா? சபைத் தேர்தல் வரும்போது எந்தக் கணக்கைப் பார்க்கிறோம்? வரன் பார்க்கும்போது ஞானஸ்நானத்தைப் பற்றிக் கேட்கிறதற்கு முன்பு எதைக் கேட்கிறோம்? மரித்தவர்களையும் சாதிபார்த்துப் பிரித்து அடக்கம்பண்ணுகிற கல்லறைத் தோட்டங்கள் கிறிஸ்தவர்களிடையே இன்னும் இல்லையா? உயிர்த்தெழுதலின் நாளில் எந்த மதில் நிற்கும்?

6. வார்டு கற்பிக்கும் பாடம்

மருத்துவமனை ஊழியத்தில் நாங்கள் அடிக்கடி காண்கிற ஒரு காரியம் உண்டு. இரத்தம் ஏற்றும்போது பையின்மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் ஏ, பி, ஏபி, ஓ என்ற வகை இருக்கும். எடுத்த தேதி இருக்கும். காலாவதித் தேதி இருக்கும். கொடுத்தவரின் சாதி இருக்காது. மகன் பிழைக்க வேண்டுமென்று கதறுகிற தகப்பன் அதைக் கேட்கவும் மாட்டார். வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் கிடப்பவர்கள் கஞ்சியைப் பகிர்ந்துகொள்ளுகிறார்கள். ஒரு நோயாளியின் துணைக்கு வந்தவர் பக்கத்துக் கட்டில்காரரையும் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுகிறார். ஊரில் ஒரே தெருவில் நடக்காதவர்கள் இங்கே ஒரே சொம்பில் குடிக்கிறார்கள்.

இது எப்படி நடக்கிறது? யாரும் அவர்களுக்குச் சமத்துவப் பாடம் நடத்தவில்லை. ஒரே தேவை அவர்களை ஒன்றாக்கிவிடுகிறது. ஆனால் டிஸ்சார்ஜ் ஆகிறவர்களில் பலருக்கு அந்த ஒற்றுமையும் டிஸ்சார்ஜ் ஆகிவிடுகிறது. பேருந்தை விட்டு இறங்கும்போது பழைய தெருவும் பழைய வழக்கமும் காத்திருக்கின்றன.

சுவிசேஷம் சபையை ஒன்றாக்கும் இரகசியம் இங்கேதான் இருக்கிறது. எல்லாரும் பாவஞ்செய்து தேவமகிமையற்றவர்களானார்கள். எல்லாரும் இலவசமாய்க் கிருபையினாலே நீதிமான்களாக்கப்படுகிறார்கள் (ரோமர் 3:23, 24). சுவிசேஷம் நம் எல்லாரையும் ஒரே வார்டில் படுக்கவைக்கிறது. அந்தக் கிருபையின் வார்டிலிருந்து இந்த உலகத்தில் யாருக்கும் டிஸ்சார்ஜ் சீட்டு கிடையாது. தான் சுகமாகிவிட்டதாக எண்ணுகிறவனே, மருந்து கொண்டுவருகிற கையைப் பார்த்து இது யார் கை என்று விசாரிக்கத் தொடங்குகிறான். திருவிருந்துக்கு வரும்போது நாம் வெறுங்கையாய் நீட்டுகிறோம். வெறுங்கையை நீட்டினவன், கொடுக்கிற கையின் குலத்தைக் கேட்கலாமா?

நம் ஊரின் பெயரைப் பாவத்தின் நாசம் என்று பொருள்சொல்லுவார்கள். சிலுவையிலே நம் பாவத்தை நாசமாக்கினவர், நடுவே நின்ற பகையின் சுவரையும் அதே சிலுவையில் தகர்த்தார் என்று எபேசியர் 2:14-16 போதிக்கிறது. பாவமன்னிப்பை வாங்கிக்கொண்டு சுவரை மட்டும் வைத்துக்கொள்ள ஒருவருக்கும் அனுமதியில்லை.

7. ஆதரவாளர்களாகிய நமக்கு

அன்பானவர்களே, நீங்கள் தாராளமாய்க் கொடுக்கிறவர்கள். உங்களிடம் இன்னும் கொடுங்கள் என்று கேட்க இந்தப் பாடத்தை எழுதவில்லை. வாங்கவும் பழகுங்கள் என்று சொல்லவே எழுதுகிறேன். முகந்தெரியாத ஒரு நோயாளிக்குப் பணம் அனுப்புவதில் நமக்குச் சங்கடம் இல்லை. அந்த நோயாளி குணமடைந்து, தன் வீட்டில் சமைத்த சோற்றை உண்ண நம்மை அழைத்தால்?

ஆகையால் மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, உங்கள் சபையில் காலனித் தெருவில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தாரின் வீட்டுக்கு விருந்தாளியாகப் போங்கள். உதவி மூட்டை எதையும் கொண்டுபோகாதேயுங்கள். அவர்கள் கொடுப்பதை உண்டு, அவர்கள் செய்யும் ஜெபத்துக்கு ஆமென் சொல்லி வாருங்கள்.

இரண்டாவது, சபையில் பாத்திரத்தைப் பரிமாறவும், வேதம் வாசிக்கவும், தீர்மானம் எடுக்கவும் யாருடைய கைகள் எப்போதும் முன்னால் நிற்கின்றன, யாருடைய கைகள் பெருக்கவும் நாற்காலி போடவும் மட்டும் அழைக்கப்படுகின்றன என்று ஆலயக் குழுவில் கேளுங்கள்.

மூன்றாவது, நோயாளிகள் உங்களுக்காக ஏறெடுக்கும் ஜெபத்தைப் பெரிய ஈவாக ஏற்றுக்கொள்ளுங்கள். உதவி பெற்றவர்கள் உதவினவர்களுக்காக வேண்டிக்கொள்ளுவார்கள் என்று 2 கொரிந்தியர் 9:14 சொல்லுகிறது. வார்டு ஜெபத்தில் நாங்கள் ஆதரவாளர்களை நினைவுகூரும்போது, படுக்கையில் கிடப்பவர்களும் கைகளைக் குவிக்கிறார்கள். அவர்களில் பலர் உங்கள் பெயரை அறியார்கள். ஆனாலும் அந்தக் கைகளிலிருந்து நீங்கள் பெற்றுக்கொண்டிருக்கிறீர்கள்.

குழுவாகச் சிந்திக்க

1. இயேசு சமாரிய ஸ்திரீயிடம் தண்ணீர் கேட்காமல் நேரடியாகப் போதித்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

2. அந்தியோகியாவில் பேதுரு யாருக்குப் பயந்தார்? உறவினருக்கும் ஊருக்கும் பயந்து நாம் விலகும் பந்திகள் எவை?

3. இராஜநாயக்கன் உபதேசியார் இன்று நம் சபைக்குக் குருவாக வந்தால், எல்லாரும் திருவிருந்துக்கு வருவார்களா?

4. கடந்த ஓராண்டில், நம்மைவிட எளியவர் என்று நாம் எண்ணுகிற ஒருவரிடமிருந்து எதைப் பெற்றுக்கொண்டோம்?

ஜெபம்

தாகமாயிருக்கிறேன் என்று சொல்ல வெட்கப்படாத ஆண்டவரே, கொடுக்கிற பெருமையிலிருந்து எங்களை விடுதலையாக்கும். உம்முடைய பந்தியில் வெறுங்கையோடு நிற்கிற நாங்கள், எங்கள் அருகில் நிற்கிற சகோதரனுடைய கையையும் சகோதரியின் கையையும் உமது கையாகக் கண்டு ஏற்றுக்கொள்ளக் கிருபை தாரும். எங்கள் சபைகளிலும் வீடுகளிலும் கல்லறைத் தோட்டங்களிலும் மீந்திருக்கிற சுவர்களைத் தகர்த்துப்போடும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைக் குருவானவர்
பாபநாசம்